பெரட்டுல பேர் எடுக்கிற மாதிரி: ஆர்எம்டி சமையலுக்கு ஆடிட் வந்த அன்னிக்கு நான் கத்துக்கிட்டது

மலேசியாவுல, பேராக் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்து தமிழ்ப்பள்ளில கேண்டீன் எடுத்து நடத்துறேன், இந்த வருஷத்தோட ஒம்போது வருஷம் ஆச்சு. நானும் என் நாத்தனாரும்தான் சமையல், காலையில காய் வெட்ட பக்கத்து லயத்து அக்கா ஒருத்தவங்க வருவாங்க. கேண்டீன் வியாபாரத்தோட சேர்த்து ஆர்எம்டி சாப்பாடும் நாங்கதான் கொடுக்கிறோம். புதுசா இந்த வேலைய எடுத்தவங்க ரெண்டு மூணு பேர் போன் பண்ணி, அக்கா ஆடிட் வந்தா என்ன கேப்பாங்க, எந்த பைல் வைக்கணும், எப்படி பதில் சொல்லணும்னு ஒரே கேள்விய கேக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் சொல்றதுக்கு பதிலா இங்கயே எழுதி வச்சிடுறேன்.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம். ஆர்எம்டினா ரஞ்சாங்கான் மாக்கானான் தம்பாஹான், அதாவது கூடுதல் உணவுத் திட்டம், 1979ல இருந்து நம்ம ஆரம்பப்பள்ளிகள்ல நடக்குது, கஷ்டப்படுற குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூட நாள்ல ஒரு வேளை சாப்பாடு அரசாங்கச் செலவுல. நான் ஆரம்பிச்சப்போ ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, அப்புறம் 3 வெள்ளி 50 காசு ஆக்கினாங்க, சபா சரவாக் பக்கம் 4 வெள்ளி. இந்தக் காசுல சோறோ மீயோ (நூடுல்ஸ்), ஒரு மீன் இல்ல கோழி இல்ல முட்டை, காய், பழம் எல்லாம் வரணும். வெளியில இருந்து பாக்கிறவங்க என்ன பெரிய சாப்பாடுனு கேப்பாங்க. எங்க பக்கம் அப்பா அம்மா ரெண்டு பேரும் விடியக்காலைல செம்பனைக்கோ பேக்டரிக்கோ கிளம்பிடுவாங்க, பிள்ளைங்க ஆறே முக்காலுக்கெல்லாம் வேன்ல வந்து இறங்கும், பாதி பிள்ளைங்க வீட்ல பசியாறாமத்தான் வரும், ஒரு மிலோ குடிச்சிருந்தா பெரிசு. அதுங்களுக்கு அன்னைக்கு முதல் சாப்பாடே நான் வைக்கிற தட்டுதான். அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க, ஏன்னா நான் கீழ சொல்ற பேப்பர் வேலை எல்லாம் அந்தத் தட்டுக்குத்தான் போய்ச் சேருது, எனக்கே அது புரிய ஒரு அடி விழ வேண்டியிருந்துச்சு.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. முன்கூட்டியே சொல்லாம ரெண்டு ஆப்பீசர் வந்தாங்க, ஒரு அம்மா பிபிடில (மாவட்டக் கல்வி இலாகா) இருந்து, இன்னொருத்தர் சுகாதார இலாகா. வழக்கமா வந்தா நேரா சமையல்கட்டுக்கு வருவாங்க, குப்பைத்தொட்டி மூடி இருக்கா, தலைக்கு துணி கட்டியிருக்கோமானு பாப்பாங்கன்னு நான் அதத்தான் துடைச்சு வச்சிருந்தேன். இவங்க அப்படி வரல. ரெஸ்ட் மணி அடிச்சதும் அந்தம்மா கை கழுவுற குழாய் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, தட்டு வாங்கிட்டுப் போற பிள்ளைங்கள ஒன்னொன்னா எண்ணினாங்க. எண்ணி முடிச்சிட்டு என்கிட்ட வந்து, கக் (அக்கா), இன்னிக்கு வருகைப் பாரம் (படிவம்) காட்டுங்கன்னாங்க. நான் எடுத்துக் கொடுத்தேன். பாரத்துல 62 டிக். அவங்க எண்ணினது 58.

மழைக்கு உள் தோட்டத்து வேன் வரல, நாலு பிள்ளைங்க லீவு. நான் பாரத்த காலையில ஏழு மணிக்கு, அடுப்புல தண்ணி கொதிக்கிற நேரத்துல உக்காந்து வரிசையா டிக் போட்டுட்டேன். தினமும் அப்படித்தான் செஞ்சேன், பிள்ளைங்க எல்லாம் எப்படியும் வரும், அப்புறம் கூட்டத்துல டிக் போட நேரம் இருக்காதுன்னு. சமைச்சதும் 62 பேருக்குத்தான், மீதி நாலு தட்டு வீணா போகல, பசியோட நின்ன வேற பிள்ளைங்க சாப்பிட்டுச்சு. நான் அதச் சொன்னேன். அந்தம்மா கோபப்படல, மெதுவாத்தான் கேட்டாங்க, யார் சாப்பிட்டாங்கன்னு எங்க எழுதியிருக்கீங்க? எழுதல. அப்போ பாரத்துப்படி வராத நாலு பிள்ளை சாப்பிட்ட மாதிரி நான் அரசாங்கத்துக்கு பில் போடப் போறேன். ஒரு நாளைக்கு 14 வெள்ளி. மாசத்துக்கு 20 நாள் பள்ளிக்கூடம்னா 280. வருஷக்கணக்குல 2,000 வெள்ளிக்கு மேல போகும். அவங்க கால்குலேட்டர்ல தட்டிக் காட்டினப்போ எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு, ஒரு காசு திருடாதவள திருடிங்கிற இடத்துல கொண்டு போய் நிறுத்தினது என் டிக்தான்.

சாயங்காலம் அப்பாகிட்ட சொல்லி அழுதேன். அப்பா முப்பது வருஷம் தோட்டத்துல மண்டோர் (கங்காணி) வேலை பாத்தவரு, பால்மரக் (ரப்பர்) காலத்துல இருந்து. அவரு கேட்டது ஒன்னே ஒன்னு, பெரட்டுல எப்ப பேர் எடுப்போம் தெரியுமா உனக்கு? விடியக்காலைல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல ஆள் முன்னால வந்து நின்னாத்தான் செக்ரோல்ல, அதாவது வருகைப் புத்தகத்துல, பேர் விழும், வீட்ல கிளம்பிட்டான், வந்துகிட்டு இருக்கான், நேத்து வந்தான் இன்னிக்கும் வருவான், எதுக்கும் பேர் போட மாட்டோம், ஏன்னா அந்தப் பேருக்கு பின்னால சம்பளம் இருக்கு, தப்பா ஒரு பேர் விழுந்தா கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பதில் சொல்லணும், ஒரு பேர் விழாம போனா அன்னைக்கு ஒரு குடும்பத்துக்கு அரிசி இல்ல. ஆள் நின்னாத்தான் பேர். உன் பிள்ளைங்க கையில தட்டு வந்தாத்தான் டிக், அதுக்கு முன்னாலயும் போடாத, பின்னாலயும் போடாதன்னாரு.

மறுநாள்ல இருந்து அப்படித்தான். பாரத்த கிளிப் அட்டைல மாட்டி பரிமாறுற மேசை ஓரத்துல கயிறு கட்டி தொங்க விட்டேன். பொறுப்பாசிரியர் டீச்சர்கிட்ட கேட்டு, மணி அடிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அவங்களோ இன்னொரு டீச்சரோ வந்து நிக்கிற மாதிரி செஞ்சோம், தட்டு கைக்குப் போகும்போது அவங்க டிக் போடுவாங்க, நான் போடுறது இல்ல. சமைக்கிறவளும் எண்ணுறவளும் ஒரே ஆளா இருக்கக்கூடாது, இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், உங்க பள்ளில டீச்சருக்கு நேரம் இல்லன்னு சொன்னா எச்.எம். கிட்ட போய் மரியாதையா பேசுங்க, அவங்களும் கையெழுத்து போடுறவங்கதான், அவங்களுக்கும் இது பாதுகாப்பு. பென்சில் வேணாம், பேனா. தப்பாயிட்டா ஒரு கோடு மட்டும் கிழிச்சு பக்கத்துல கையெழுத்து, லிக்விட் பேப்பர் தொடவே கூடாது, வெள்ளை பூசின இடத்த பாத்தா யாருக்கும் சந்தேகம் வரும். பெயர்ப்பட்டியல்ல இருக்கிற பிள்ளை வரலன்னா அந்தத் தட்டு யாருக்குப் போகணும்னு ஒரு காத்திருப்புப் பட்டியல பள்ளிக்கூடமே முன்கூட்டி கையெழுத்து போட்டுக் கொடுக்கணும்னு கேட்டு வாங்கினோம். இப்போ நாலு பேர் வரலன்னா வேற நாலு பேரோட பேர் பாரத்துல இருக்கும், மீதம் எவ்வளவுன்னும் ஒரு வரி இருக்கும்.

இதெல்லாம் சின்ன விஷயத்துக்கு எதுக்கு இவ்வளவுன்னு என் வீட்டுக்காரரே கேட்டாரு. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல பிள்ளைங்க சாப்பாட்டுத் திட்டத்துல நடந்தத அப்போதான் அவருக்குப் படிச்சுக் காட்டினேன், கோவிட் நேரத்துல சாப்பிடாத பிள்ளைங்க பேர்ல சாப்பாட்டுக் கணக்கு எழுதி 250 மில்லியன் டாலர் எடுத்துட்டாங்கன்னு 2022 செப்டம்பர்ல முதல்ல 47 பேர் மேல வழக்குப் போட்டாங்க. அங்கயும் சாப்பாடு வைக்கிற நேரத்துலயே எண்ணணும்னுதான் சட்டம். ஊர் வேற, காசு வேற, ஆனா ஓட்டை அதே இடத்துலதான் இருக்கு, எண்ணுற இடத்துல. வராத பிள்ளைக்கு டிக் போடுற பழக்கம் 14 வெள்ளிலயும் இருக்கும், 250 மில்லியன்லயும் இருக்கும்.

சரி, அன்னைக்கு பாத்த மத்த விஷயத்துக்கு வரேன். மெனு போர்டுல கெம்போங் மீன் சம்பால்னு எழுதியிருந்துச்சு, தட்டுல முட்டை. ரெண்டு நாளா காத்து மழை, ஜெட்டில மீன் வரல, வந்தது கிலோ என்ன விலைன்னு கேட்டா நம்ம காசுக்கு ஒத்து வராது. முட்டை போட்டது தப்பு இல்லன்னு அவங்களே சொன்னாங்க, சொல்லாம போட்டதுதான் தப்பு. இப்போ ஒரு சின்ன கொப்பி வச்சிருக்கேன், தேதி, மெனுல என்ன, நான் என்ன போட்டேன், ஏன், டீச்சர் கையெழுத்து, அவ்வளவுதான், ஒரு வரி. மீனுக்கு பதில் முட்டையோ கோழியோ போடலாம், மீனுக்கு பதில் கூட கொஞ்சம் சோறுன்னு போடக்கூடாது, புரதத்துக்கு புரதம். தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் கோழி முட்டை, பாதி காயும் பழமும்னு கேகேஎம் (சுகாதார அமைச்சு) சொல்ற சுக்கு சுக்கு செப்பாரோ (கால் கால் அரை) எல்லாருக்கும் தெரியும், ஆனா பரிமாறுற அவசரத்துல கரண்டி சோத்துப் பக்கமே போகும், அதனால நான் கரண்டியையே மாத்திட்டேன், சோத்துக்கு ஒரு அளவு கரண்டி, காய்க்கு அதவிட பெருசு. நம்ம பிள்ளைங்க நிறைய பேர் மாட்டு இறைச்சி தொட மாட்டாங்க, அதுக்கு பதிலா என்னன்னு வருஷ ஆரம்பத்துலயே பள்ளிக்கூடத்துகிட்ட எழுதி வாங்கிடுங்க, புரட்டாசியில சைவம் பிடிக்கிற பிள்ளைங்களுக்கு தவ்வு தெம்பேனு (சோயால செஞ்சது) அதையும் சேர்த்தே எழுதி வாங்கிடுங்க, அன்னன்னிக்கு வாய்வார்த்தையா பேசிக்கிட்டா பின்னால யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பில் விஷயம் எனக்கு ரொம்ப நாள் தலைவலி. சூப்பர்மார்க்கெட்ல வாங்கினா ரசீது வரும், ஆனா பாசார்ல காய் விக்கிற பாட்டியும் ஜெட்டில மீன் விக்கிற தவ்கேயும் (முதலாளி) ரசீது கொடுப்பாங்களா? நான் ரெண்டு வெள்ளிக்கு ஒரு கார்பன் பில் புக் வாங்கி கைப்பைல வச்சுக்கிட்டேன், நானே எழுதுவேன், என்ன சாமான், எத்தனை கிலோ, என்ன விலை, தேதி, அவங்க கையெழுத்து மட்டும் போடுவாங்க, படிக்கத் தெரியாத பாட்டி ஒரு கோடு போடுவாங்க, போன் நம்பர் எழுதிக்குவேன். அரிசி, எண்ணெய், கோழி எடையும் அன்னைக்கு சமைச்ச தட்டு எண்ணிக்கையும் ஒத்துப் போகுதான்னு ஆடிட்ல பாப்பாங்க, 60 பேருக்கு சமைச்சேன்னு சொல்லிட்டு மூணு கிலோ கோழிக்குத்தான் பில் இருந்தா கேள்வி வரத்தான் செய்யும். சூப்பர்மார்க்கெட் ரசீது மை நாலு மாசத்துல மறைஞ்சிடும், வாங்கின அன்னைக்கே போன்ல படம் எடுத்து வைங்க.

சமைக்கிற நேரம்தான் எனக்கு பயமா இருந்த இடம். சுகாதார ஆப்பீசர் கேட்டாரு, மீ ஹூன் எத்தன மணிக்கு பிரட்டினீங்க? அஞ்சரைன்னேன், பெருமையா, நான் சீக்கிரம் எழுந்து வேலை செய்றவள்னு காட்ட. பிள்ளைங்க எத்தன மணிக்கு சாப்பிடுது? பத்து மணி. அவரு விரல விட்டு எண்ணினாரு, நாலரை மணி நேரம். சமைச்ச சாப்பாட நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி பெருகும், மூடி வச்ச பாத்திரத்துல வெதுவெதுப்பா கிடக்கிற மீ ஹூன் அதுக்கு நல்ல இடம். 2024 ஜூன்ல கோம்பாக்ல ஒரு சமயப்பள்ளி நிகழ்ச்சில கொடுத்த சாப்பாட்டால ரெண்டு உயிர் போச்சு, அதுல ஒன்னு ரெண்டு வயசு கூட ஆகாத குழந்தை. அத நியூஸ்ல பாத்த அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, நான் எத்தன வருஷம் அஞ்சரைக்கு பிரட்டி பத்து மணிக்கு வச்சிருக்கேன், ஒன்னும் ஆகாம போனது என் கெட்டிக்காரத்தனம் இல்ல.

இப்போ காலைல அஞ்சரைக்கு வெங்காயம் உரிக்கிறது, மிளகாய் அரைக்கிறது, காய் கழுவுறது மட்டும். கோழி ஐஸ் பெட்டியில இருந்து எட்டு மணிக்குத்தான் வெளிய வரும். சோறு ஏழே முக்காலுக்கு, கறி எட்டரைக்கு, ஒம்பதே காலுக்கு எல்லாம் இறங்கிடும், ஒம்பது நாப்பதுக்கு ஒன்னாம் ஆண்டு பிள்ளைங்க வந்துடும். சமைச்ச நேரத்த ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பாத்திரத்து மேல ஒட்டிடுறோம். நாப்பது வெள்ளிக்குள்ள ஒரு சமையல் தெர்மோமீட்டர் வாங்கினேன், குத்திப் பாத்து எழுதி வைக்கிறேன்.

இந்த எழுதி வைக்கிற விஷயத்துல நான் செஞ்ச தப்ப மறைக்காம சொல்றேன். அன்னைக்கு என் வெப்பப் பதிவுத் தாள்ல பத்து நாளுக்கு வரிசையா 65, 65, 65னு இருந்துச்சு, எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம். முந்தின நாள் ராத்திரிதான் உக்காந்து நிரப்பினேன், ஆடிட் வரப்போகுதுன்னு பக்கத்து ஸ்கூல்ல பேசிக்கிட்டாங்கன்னு. அப்போ தெர்மோமீட்டரே என்கிட்ட கிடையாது. அவரு தாள பாத்தாரு, என்ன பாத்தாரு, தெர்மோமீட்டர் எங்கன்னு மட்டும் கேட்டாரு. பதில் சொல்ல என்கிட்ட ஒன்னும் இல்ல. காலியா விட்டிருந்தா 'பதிவு இல்ல'ன்னு ஒரு குறை, நிரப்பி வச்சதால நான் சொன்ன மத்த உண்மையயும் அவங்க நம்பத் தேவையில்லைன்னு ஆயிடுச்சு. விட்டுப்போன நாள காலியாவே விடுங்க, பக்கத்துல காரணம் எழுதுங்க. என் நாத்தனார் இப்பவும் பரபரப்பா இருக்கிற நாள்ல ஞாபகப்படுத்துவா, அண்ணி, இன்னிக்கு சூடு பாக்கலன்னா பாக்கலன்னே எழுதுங்கன்னு.

டைபாய்டு ஊசி மூணு வருஷம்தான் செல்லும். காய் வெட்டுற அக்காவுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே முடிஞ்சிருந்துச்சு, எனக்கும் ஞாபகம் இல்ல, அவங்களுக்கும் இல்ல. 2009 உணவுச் சுகாதார விதிப்படி சாப்பாட்டுல கை வைக்கிற எல்லாரும் ஊசி போட்டிருக்கணும், உணவு கையாளும் பயிற்சி முடிச்சிருக்கணும், வாரத்துக்கு ரெண்டு நாள் உதவிக்கு வர்றவங்கன்னாலும் விலக்கு இல்ல. அந்த அக்கா பயந்து அழுதுட்டாங்க, வேலை போயிடுமோன்னு. அவங்கள அன்னிக்கே கிளினிக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டு அட்டைய வாங்கினோம், காசு நான் கொடுத்தேன், அவங்ககிட்ட கேக்கிறது நியாயம் இல்ல. எல்லார் ஊசி தேதியும் இப்போ சுவத்து காலண்டர்ல இருக்கு, முடியறதுக்கு ஒரு மாசம் முன்னால சிவப்பு வட்டம்.

குறைகளுக்கு எழுத்துல பதில் கேட்டு லெட்டர் வந்துச்சு, ரெண்டு வாரம் டைம். மன்னிப்பு மன்னிப்புன்னு எழுதாம, ஒவ்வொரு குறைக்கும் என்ன செஞ்சோம், எந்தத் தேதில இருந்து, யார் பொறுப்புன்னு எழுதி, போட்டோ, ஊசி அட்டை காப்பி, புதுப் பாரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். அந்த மாசத்து பில்ல திருத்திக் கொடுக்க வேண்டி வந்ததால காசு ரொம்ப தாமதமா வந்துச்சு, வழக்கமாவே மாசம் முடிஞ்சுதான் வரும், கோழிக்கடைக்காரர் எனக்காக பொறுத்துக்கிட்டாரு. இந்த வேலைய எடுக்கிறவங்க ரெண்டு மாசச் சாமான் காசு கையில இல்லாம எடுக்காதீங்க, நல்லா கணக்கு வச்சிருக்கிறவங்களும் அங்கதான் மாட்டிக்கிறாங்க.

இன்னொன்னு சொல்லணும், இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்னு கூட சொல்லலாம். தட்டு கைக்கு வந்தப்புறம் டிக் போட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் இருக்கும், டீச்சர் பாரத்த புரட்டிக்கிட்டே, இந்தப் பையன பாருங்களேன்னாங்க. நாலாம் ஆண்டுப் பையன், பள்ளிக்கு தினமும் வர்றான், ஆனா டிக் வாரத்துக்கு ஒன்னு ரெண்டுதான். முன்ன நான் ஏழு மணிக்கே டிக் போட்ட காலத்துல எல்லா நாளும் அவன் சாப்பிட்டதாத்தான் பாரம் சொல்லுச்சு, அப்போ எத்தன நாள் வயித்துல ஒன்னும் இல்லாம உக்காந்திருந்தானோ எனக்குத் தெரியாது. டீச்சர் தனியா கூப்பிட்டு கேட்டதுல, ஆர்எம்டி பிள்ளைங்க வரிசை தனியா நிக்குது இல்லயா, கூட படிக்கிற பசங்க ஓசி லைன்னு சொல்றாங்களாம், அதான் அவன் திடல் பக்கம் போய் நின்னுக்குவானாம்.

எச்.எம். கிட்ட பேசினோம், அவங்க உடனே ஒத்துக்கிட்டாங்க. இப்போ ஒரே வரிசைதான், காசு கொடுத்து வாங்குற பிள்ளையும் ஆர்எம்டி பிள்ளையும் கலந்து நிக்கும், தட்டும் ஒரே நிறம். காசு கொடுக்கிறவங்க காலையிலயே கூப்பன் வாங்கிடுவாங்க, ஆர்எம்டி பிள்ளைங்களுக்கும் வகுப்புலயே டீச்சர் அதே மாதிரி ஒரு கூப்பன் கொடுத்துடுவாங்க, ஓரத்துல சின்னதா ஒரு நம்பர் இருக்கும், எங்களுக்கு மட்டும்தான் தெரியும், அந்த நம்பருக்கு நேரா டிக் விழும். இது ரெண்டாவது ஆடிட்ல அதே அந்தம்மாவுக்கு காட்டினப்போ அவங்க கொஞ்ச நேரம் கூப்பன கையில வச்சு பாத்துக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் பழையபடி குழாய் பக்கத்துல போய் நின்னு எண்ணினாங்க. அவங்க எண்ணினதும் 60, பாரமும் 60. அந்தப் பையன் பேருக்கு நேரா அந்த மாசம் காய்ச்சல்ல வராத ஒரு நாளத் தவிர எல்லா நாளும் டிக் இருந்துச்சு.